பாயும் ஊசியும் – சின்னப் படகில் உலகம் சுற்றுவது பற்றிச் சில குறிப்புகள்

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு கடல் பயணம் பற்றி எழுத ஒரு காரணம் வேண்டும் இல்லையா? என் காரணம் துணி. முப்பது, முப்பத்தாறு அடி நீளமுள்ள ஒரு படகை, இன்ஜின் உதவி இல்லாமல், பூமியை ஒரு சுற்று சுற்ற வைப்பது ஒரு துணிதான். அந்தத் துணி கிழியும். கிழிந்தால் நடுக்கடலில் அதைத் தைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வருஷமாகப் படித்துவருகிறேன். படித்ததில் தேறியது இது.

இந்தப் பயணங்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதும்போது புயல், ராட்சச அலை, தனிமை, வீரம் என்று எழுதுவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் போனவர்களின் சொந்தக் குறிப்புகளைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் வருவது வேறு ஒன்று: ரிப்பேர். இன்றைக்கு எது உடைந்தது, எதை வைத்து ஒட்டுப் போட்டேன், நாளைக்கு அது தாங்குமா. எட்டு மாதம் முழுக்க இதே கதை.

உலகம் சுற்றுவது என்றால் என்ன கணக்கு?

முதலில் அடிப்படை. வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு சின்ன வட்டம் அடித்துவிட்டு உலகத்தைச் சுற்றிவிட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் விதிகள் இருக்கின்றன. கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும். நிலநடுக்கோட்டைத் தாண்டி மறு அரைக்கோளத்துக்குப் போய்வர வேண்டும். குறைந்தது 21,600 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும்.

இந்த 21,600 எங்கிருந்து வந்தது? பூமியின் வட்டம் 360 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் (கோண அளவில்). 360 பெருக்கல் 60 = 21,600. ஒரு நிமிடக் கோணத்துக்குப் பூமியின் மேல் வரும் தூரம்தான் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த பூமியின் சுற்றளவு!

இதை முதன்முதலில் தனி ஆளாகச் செய்தவர் ஜோஷுவா ஸ்லோகம். 1895 ஏப்ரலில் பாஸ்டனில் கிளம்பி 1898 ஜூனில் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அவருடைய ‘ஸ்பிரே’ படகு 36 அடி 9 அங்குலம். அது வயல்வெளியில் மட்கிக் கிடந்த பழைய சிப்பிப் படகு. ஒவ்வொரு பலகையாக மாற்றி, பதின்மூன்று மாதம் உழைத்து, அவரே அதைப் புதுப் படகாக்கினார். பொருள் செலவு 553 டாலர் 62 சென்ட் என்று காசு வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ஆக, முதல் பயணமே ஒரு ரிப்பேர் வேலையில்தான் ஆரம்பித்திருக்கிறது.

வேகம் எவ்வளவு தெரியுமா? பிறகு சொல்லப்போகும் அபிலாஷ் டோமி சுமார் 30,000 கடல் மைலை 236 நாளில் முடித்தார். வகுத்துப் பாருங்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வருகிறது. அவிநாசி ரோட்டில் சாவகாசமாக சைக்கிள் மிதிப்பவர் இதைவிட வேகமாகப் போவார். ஆனால் படகு ராத்திரியும் பகலும் நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தூங்கும்போதும் ஓட வேண்டும். அதனால்தான் காற்றின் திசையைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் ஒரு கருவியைப் படகின் பின்னால் பொருத்துகிறார்கள். கரண்ட் வேண்டாம், காற்றும் தண்ணீரின் விசையுமே போதும். இந்தக் கருவி உடைந்தால் தனி ஆள் பாடு திண்டாட்டம்தான்.

பனியன் துணியில் பாய் தைக்க முடியுமா?

இனி நம்ம ஊர் சமாச்சாரம்.

பாய் காற்றைப் பிடித்துத் தள்ளப்படுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். காற்று பின்னாலிருந்து வரும்போது அது சரி. ஆனால் காற்று பக்கவாட்டிலோ, கொஞ்சம் எதிரிலோ வந்தாலும் பாய்மரப் படகு முன்னால் போகும். அப்போது பாய் விமான இறக்கையைப் போல வேலை செய்கிறது. அதன் வளைவின் இரு பக்கமும் காற்று வேறு வேறு வேகத்தில் ஓடி, அழுத்த வித்தியாசம் உண்டாகி, ஒரு இழுவிசை பிறக்கிறது. அந்த விசை படகைப் பக்கவாட்டிலும் தள்ளும். படகின் அடியில் இருக்கும் கனமான கீல் அந்தப் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. மிச்சம் இருப்பது முன்னோக்கிய ஓட்டம். நேர் எதிர்க்காற்றில் போக முடியாது. அதனால் இடமும் வலமுமாக மாறி மாறிக் குறுக்கே போய்த்தான் முன்னேற வேண்டும்.

இதில் எல்லாமே பாயின் வளைவைப் பொறுத்தது. காற்று மெதுவாக இருந்தால் பாய் கொஞ்சம் குழிவாக இருக்கலாம். காற்று ஏறினால் தட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பனியன் துணியில் பாய் தைத்தால் என்ன ஆகும்? நிட்டிங் துணி என்பது கண்ணிக்குள் கண்ணி கோத்தது. இழுத்தால் கண்ணி நீளும், விட்டால் சுருங்கும். உடம்போடு ஒட்டி நிற்பதற்கு அதுதான் வேண்டும். பாய்க்கு அதுவே எமன். காற்று ஏற ஏறத் துணி நீண்டு பாய் இன்னும் குழிவாகும். தட்டையாக வேண்டிய நேரத்தில் பை மாதிரி உப்பும். திருப்பூரின் மொத்தத் திறமையும் துணி நீள்வதில் இருக்கிறது. பாய் தைப்பவரின் மொத்தத் திறமையும் துணி நீளாமல் இருப்பதில் இருக்கிறது.

அதனால் பாய்க்கு நெய்த துணிதான். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஓடும் காடா துணியின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அதே பாவு, அதே ஊடை. ஆனால் பாலியஸ்டர் நூல், மிக நெருக்கமான நெசவு. நெய்தபின் சூடேற்றிச் சுருக்கி, ரெசின் ஏற்றி, உருளையில் அழுத்தி, காகிதம் மாதிரி சடசடவென்று ஆக்கிவிடுவார்கள். டேக்ரான் என்ற பெயரில் பிரபலமானது இதுதான்.

நெய்த துணியிலும் ஒரு பலவீனம் உண்டு. எந்த டெய்லரைக் கேட்டாலும் சொல்லுவார்: பாவின் போக்கிலோ ஊடையின் போக்கிலோ இழுத்தால் துணி நீளாது, கிராஸாக இழுத்தால் நீளும். அதனால் பாயை ஒரே துணியாக வெட்டுவதில்லை. பல பட்டைகளாக வெட்டி, அதிக இழுப்பு விழும் பின்விளிம்பின் போக்கிலேயே நூல் ஓடும்படி அடுக்கித் தைக்கிறார்கள். பட்டைகளின் ஓரத்தைக் கொஞ்சம் வளைத்து வெட்டுவதால்தான் தட்டைத் துணிக்கு அந்த இறக்கை வளைவே கிடைக்கிறது. பிளவுஸுக்கு டார்ட் பிடிக்கிற அதே தத்துவம்.

தையலும் நேர்த்தையல் இல்லை, ஜிக்ஜாக். இழுப்பு வரும்போது நேர்த்தையலின் நூல் பட்டென்று அறும். ஜிக்ஜாக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பனியனில் ஃப்ளாட்லாக் தையல் போடுவதற்கும் காரணம் இதேதான்: தையல் நீளாவிட்டால் நூல் அறுந்துவிடும். இன்னொரு விஷயம். பாய் கிழிவது பெரும்பாலும் துணியில் ஆரம்பிப்பதில்லை, தையலில் ஆரம்பிக்கிறது. துணி கெட்டியாக இருப்பதால் நூல் அதற்குள் அமுங்காமல் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. கயிறும் கம்பியும் உரசி முதலில் தேய்வது அந்த நூல்தான். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாயிரம் வருஷப் பழைய பாய்

எகிப்தில், செங்கடல் கரையில், பெரெனிகே என்று ஒரு பழைய துறைமுகம். ரோமானியர் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பல் புறப்பட்ட இடம். 1994 முதல் அங்கே அகழாய்வு நடந்தது. இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழி எழுத்து பொறித்த ஓடு கிடைத்தது. இதெல்லாம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என்னை உட்கார வைத்தது குப்பைமேட்டில் கிடைத்த கந்தல் துணிதான். அது பாயின் துண்டு. பருத்தி.

அது எகிப்தில் நெய்ததா, இந்தியாவில் நெய்ததா? இதை நூலின் முறுக்கை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நூல் வியாபாரம் தெரிந்த நம்மூர்க்காரர்களுக்கு எஸ் ட்விஸ்ட், இசட் ட்விஸ்ட் தெரியும். எகிப்தியர்கள் சணல்நாரை எஸ் முறுக்கில் நூற்றுப் பழகியவர்கள். இந்தியப் பருத்தி இசட் முறுக்கு. பெரெனிகே பாய் இசட். ஆக, நம் பக்கத்துப் பருத்தித் துணிதான் அந்தக் கடலைத் தாண்டியிருக்கிறது. பாய்க்கு வலு சேர்க்கக் குறுக்கும் நெடுக்கும் பட்டி வைத்துத் தைத்திருந்தார்கள். அன்றைக்கும் கவலை அதேதான்: துணி நீளக் கூடாது, கிழிந்தாலும் கிழிசல் பட்டியோடு நிற்க வேண்டும்.

நம்ம நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் அதே காலத்தில் மணி செய்து மேற்குக் கரைக்கு அனுப்பிய ஊர். திருப்பூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இது என் பதில்.

வல்வெட்டித்துறையிலிருந்து அமெரிக்காவுக்கு

தமிழர்கள் பாய்க்கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டிய கதை ஒன்று உண்டு, இங்கே பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930 வாக்கில் உள்ளூர் மேஸ்திரிகள் வேப்பமரத்தில் கட்டிய கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. 89 அடி நீளம். சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டியது.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் இதை விலைக்கு வாங்கினார். அவர் சும்மா ஆள் இல்லை. 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றியவர். அந்தக் காலத்தில் அவ்வளவு சின்னப் படகில் சுற்றியவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் பார்த்து மயங்கியது நம் தச்சர்களின் வேலையை. கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார்: ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’. அதை ஓட்டிப்போனது தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும். சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது.

இவர்கள் யாரும் சாகசத்துக்குக் கிளம்பியவர்கள் இல்லை. தொழில். பாய் கிழிந்தால் தைப்பதும், கயிறு இற்றால் பின்னுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை.

மும்பையில் பிறந்த சுஹைலி

1968இல் பிரிட்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை கோல்டன் குளோப் என்று ஒரு போட்டி வைத்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் உலகத்தைச் சுற்ற வேண்டும். அதுவரை யாருமே செய்யாத காரியம். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தது ஒருவர்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ 32 அடிப் படகு. கட்டிய இடம் மும்பை. தேக்கு, நம்மூர்த் தச்சர்கள், வாய்ச்சி, கைத்துரப்பணம். சுஹைலி என்பது தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வைத்த பெயர்.

1968 ஜூன் 14இல் ஃபால்மத்தில் கிளம்பினார். அட்லாண்டிக்கில் போகும்போதே படகுக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பெரிய பாய்மரத்துக்குக் கீழே, நீர்மட்டத்துக்கு அடியில், பலகை இடுக்கு விட்டிருந்தது. தண்ணீருக்குள் குதித்து மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒன்றரை அங்குல அகலத்தில் நீளமான கேன்வாஸ் பட்டி வெட்டி, அதன்மேல் பஞ்சைத் தைத்து, தார் பூசி, மறுபடி குதித்து, செப்பு ஆணியால் இடுக்கின்மேல் அடித்தார். நடுவில் ஒரு சுறா வந்துவிட்டது. மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு, ரத்த வாடைக்கு வேறு சுறா வருகிறதா என்று காத்திருந்து, மறுபடி இறங்கி வேலையைத் தொடர்ந்தார். ஒழுகல் நின்றது.

பஞ்சு, துணி, ஊசி, தார், ஆணி. உலகத்தை முதன்முதலாக நிற்காமல் சுற்றிய படகைக் காப்பாற்றிய பொருள்களின் பட்டியல் இவ்வளவுதான்.

ஒருநாள் பாய் தைத்துக்கொண்டிருந்தபோது தன் மீசையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். நூலை அறுக்கக் கத்தி கைக்கெட்டவில்லை. தலையை வெடுக்கென்று இழுத்து, மீசை முடி சிலதை இழந்துதான் வெளியே வந்தார்.

போகப் போக எல்லாம் கெட்டது. தானியங்கிச் சுக்கான் உடைந்தது. பாய்களைச் சமன்செய்து வைத்து, சுக்கானைத் தொடாமலே படகை நேராக ஓட்டக் கற்றுக்கொண்டார். தொட்டித் தண்ணீர் கெட்டது. மழைநீர் பிடித்துக் குடித்தார். ரேடியோ செத்தது. நியூசிலாந்தைத் தாண்டியபின் பல மாதம் அவரிடமிருந்து செய்தியே இல்லை. 1969 ஏப்ரல் 22இல், 312 நாள் கழித்து, ஃபால்மத் திரும்பினார்.

இரண்டு லாக் புத்தகங்கள்

அதே போட்டியில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்று ஒருவர். உத்தரப் பிரதேசத்து காசியாபாத்தில் பிறந்தவர். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர், சின்ன கம்பெனி முதலாளி, கடன்காரர். இவர் கதையைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் இவர் எங்கள் சாதி: டெமோ காட்டி ஆர்டர் பிடிக்கிற சாதி.

மூன்று உடல் கொண்ட ‘டெய்ன்மத் எலக்ட்ரான்’ என்ற பிளைவுட் படகு. கவிழப் போனால் கம்ப்யூட்டர் உணர்ந்து பாய்மர உச்சியில் காற்றுப்பையை ஊதி நிமிர்த்தும் என்று சொல்லிப் பணம் திரட்டினார். கிளம்பும் கடைசி நாளான அக்டோபர் 31இல் கிளம்பியபோது படகு முழுக்க வயர் ஓடியது. மறுமுனையில் எதுவும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் செய்யப்படவே இல்லை.

சில வாரத்திலேயே படகு ஒழுகியது. பின்வாங்கினால் வீடும் கம்பெனியும் போகும். முன்னால் போனால் தென்கடலில் உயிர் போகும். மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தார்: அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகம் சுற்றுவதாக ரேடியோவில் பொய் இடம் சொல்வது.

இது எவ்வளவு கடினம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அன்றைக்கு ஜிபிஎஸ் இல்லை. செக்ஸ்டன்டால் சூரியனின் உயரத்தை அளந்து, கடிகாரத்தில் நேரம் பார்த்து, அட்டவணையில் தேடி, இடத்தைக் கணக்கிட வேண்டும். நான்கு வினாடி தப்பினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் தப்பும். பொய் லாக் எழுத இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். போகாத ஓர் இடத்தைக் கற்பனை செய்து, அங்கே அந்த நேரத்தில் சூரியன் எந்த உயரத்தில் தெரிந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். உண்மையாகப் போவதைவிட இந்தக் கணக்குக்கு மூளை அதிகம் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

விளைவு பயங்கரம். குரோஹர்ஸ்ட் பின்னாலேயே நெருங்கி வருகிறார் என்று நம்பி, நைஜல் டெட்லி என்ற இன்னொரு போட்டியாளர் தன் நைந்த படகை விரட்டினார். 1969 மே மாதம், ஊர் சேர சுமார் ஆயிரம் மைல் இருக்கும்போது அது உடைந்து மூழ்கியது. டெட்லி பிழைத்தார். இப்போது குரோஹர்ஸ்ட் ஊர் திரும்பினால் மிக வேகமான பயணத்துக்கான பரிசு அவருக்கே. அப்படியானால் லாக் புத்தகத்தை நிபுணர்கள் வரிவரியாகப் பார்ப்பார்கள்.

கடைசிக் குறிப்பு ஜூலை 1. ஜூலை 10இல் ஆளில்லாத படகு அட்லாண்டிக்கில் கிடைத்தது. மேஜைமேல் லாக் புத்தகங்கள் இருந்தன. தனக்குக் கிடைத்த 5,000 பவுண்ட் பரிசை நாக்ஸ்-ஜான்ஸ்டன் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சுஹைலியும் ஒழுகியது, எலக்ட்ரானும் ஒழுகியது. ஒருவர் ஒழுகும் இடத்தில் பட்டி அடித்தார். இன்னொருவர் காகிதத்தில் ஒட்டுப் போட்டார். மென்பொருளில் நாங்களும் ‘பேட்ச்’ என்றே சொல்கிறோம். இந்த இரண்டு விதப் பேட்சும் எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது.

அபிலாஷ் டோமி: முதுகெலும்பும் கழிப்பறைக் கதவும்

இந்தியாவில் இது பெரும்பாலும் ராணுவத்தோடு வளர்ந்த கலை. 1985–87இல் ராணுவப் பொறியாளர்கள் ‘த்ரிஷ்ணா’ படகில் சுற்றினார்கள். கடற்படையின் திலீப் டோண்டே 2009–10இல் ‘மாதேய்’ படகில் தனியாகச் சுற்றிய முதல் இந்தியர். அதே படகில் 2012 நவம்பர் முதல் 2013 மார்ச் வரை எங்கும் நிற்காமல் சுற்றியவர் கடற்படை விமானி அபிலாஷ் டோமி.

2018இல் கோல்டன் குளோப் போட்டியை ஐம்பதாண்டு நினைவாக மறுபடி நடத்தினார்கள். விதி: 1968இல் இருந்த கருவிகளின் தரத்தைத் தாண்டக் கூடாது. செக்ஸ்டன்ட், காகித வரைபடம், மழைநீர். அபிலாஷ் எடுத்துப்போன ‘துரியா’ சுஹைலியின் நகல், கோவாவில் கட்டியது.

பாதை தெற்கு. 40 டிகிரி தென் அட்சரேகைக்குக் கீழே காற்றைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பே கிடையாது. மேற்கிலிருந்து கிழக்காகக் காற்றும் அலையும் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. படகைத் தள்ளுவதும் அந்தக் காற்று, கவிழ்ப்பதும் அதுவே. செப்டம்பர் 21இல், ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே சுமார் 1,900 கடல் மைலில், புயலில் துரியா உருண்டது. பாய்மரம் முறிந்தது. அபிலாஷ் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது. நடக்க முடியவில்லை, ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று செய்தி அனுப்பினார். மூன்று நாள் கழித்து ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் மீட்டது. தன் படகிலும் பாய்மரம் முறிந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், கிடைத்த கழியில் தற்காலிகப் பாய் கட்டிக்கொண்டு இவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். போட்டியாளர்தான்!

முதுகில் டைட்டானியம் கம்பி வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி நடக்கப் பழகினார். 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு, ‘பயனாத்’ என்ற 36 அடிப் படகில், மறுபடி கிளம்பினார்.

இந்தப் பயணம் முழுக்க ஒட்டுப் போடுவதுதான். தானியங்கிச் சுக்கானின் துடுப்பு உடைந்தபோது, படகின் கழிப்பறைக் கதவை அறுத்துப் புதுத் துடுப்பு செய்துகொண்டார். சிரிக்காதீர்கள். அந்தப் படகில் கழிப்பறைக் கதவால் யாருக்கு என்ன பிரயோஜனம், இருப்பது ஒரே ஆள்! இருக்கும் பொருள்களில் எது இல்லாமல் வாழ முடியும் என்று பட்டியல் போட்டு, கடைசியில் இருப்பதை எடுத்து முதலில் இருப்பதற்குக் கொடுப்பது. அதுதான் அங்கே இன்ஜினியரிங்.

பதினாறு பேர் கிளம்பிய அந்தப் போட்டியை முழுமையாக முடித்தது மூவர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் முதலிடம். வழியில் படகு மூழ்கிய இன்னொரு போட்டியாளரை மீட்டுவிட்டு வந்து ஜெயித்தவர் அவர். 2023 ஏப்ரல் 29இல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார் அபிலாஷ்.

புதுச்சேரிப் பெண்

கடைசியாக, நமக்குப் பக்கத்துக் கதை. லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, புதுச்சேரிக்காரர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, கோழிக்கோட்டுக்காரர். இருவரும் ‘தாரிணி’ என்ற 56 அடிப் படகில் 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து கிளம்பினார்கள். ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய நான்கு இடங்களில் நின்று, 2025 மே 29இல் கோவா திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கும் மேல். படகில் இரண்டே பேர். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும்.

2025 ஜனவரி 30இல் அவர்கள் நெமோ முனையைக் கடந்தார்கள். பசிபிக்கில், கரையிலிருந்து மிகத் தொலைவான புள்ளி அது. மிக அருகிலுள்ள நிலம் 2,688 கிலோமீட்டர் தள்ளி. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்குமேல் போகும்போது, அங்கிருந்து மிக அருகில் இருக்கும் வேற்று மனிதர்கள் அதில் இருப்பவர்கள்தான். சுமார் 400 கிலோமீட்டர்! ஆராய்ச்சிக்காக அங்கே கடல்நீர் மாதிரி எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் கேப் ஹார்னைத் தாண்டினார்கள்.

அந்தப் புள்ளியில் ஒரு தையல் விட்டால் யாரைக் கூப்பிடுவது? ஆன்லைனில் ஆர்டர் போட முடியாது. கம்பெனி மெக்கானிக் வரமாட்டார். ஊசி, நூல், மெழுகு, உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோல்பட்டை. பாய்த்துணியில் ஊசியை விரலால் தள்ள முடியாது, உள்ளங்கையால்தான் தள்ள வேண்டும். பெரெனிகேயில் பட்டி வைத்துத் தைத்தவருக்கும் இதே பாடுதான் இருந்திருக்கும்.

அடுத்த தடவை இப்படி ஒரு பயணம் செய்தியில் வந்தால், எத்தனை அடி அலை என்பதோடு இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: எது உடைந்தது, எதை வைத்துச் சரிசெய்தார்கள். நம்மூரில் பாய்த்துணி தைத்தவர்கள், பழைய கேன்வாஸ் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். துணியின் நுணுக்கம் பற்றி எனக்கு இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கின்றன.